ஒரே உயரத்தில் நான்கு கம்பங்கள்

நான்காவது கம்பத்தை நிமிர்த்திய ஞாயிற்றுக்கிழமை மட்டக்குளி வளவில் இருந்தவர்கள் மூன்று பேர். அப்பா, அம்மாவின் தம்பியான மாமா, நான். எஞ்சினியர் அங்கிள் இல்லை. அவருடைய இரண்டு கண்களிலும் வெண்படலம் இறங்கியிருந்தது. வெள்ளவத்தையிலிருந்து தனியே பஸ் ஏற அவருடைய மனைவி விடவில்லை. அம்மா இல்லை. அப்பாவுக்கு நிரந்தர வேலை கிடைக்கப்போகிறது என்று ஜிந்துப்பிட்டி முருகனுக்கு முன்கூட்டியே நன்றி சொல்லப் போயிருந்தாள். நீங்கள் ஒருவரும் இல்லை.

நீங்கள் என்று நான் சொல்வது என்னோடு எட்டாம் வகுப்பு வாங்குகளில் இருந்து படித்தவர்களை. போன மாதம் நம்முடைய வட்ஸ்அப் குழுவில் ஒருவன் பழைய வகுப்புப் படத்தைப் போட்டு, என் தலையைச் சுற்றி வட்டம் கீறி, "கம்பி இப்ப எங்க நீட்டுறான்?" என்று கேட்டிருந்தான். நிறையப் பேர் சிரித்திருந்தீர்கள். நானும் ஒரு சிரிக்கும் முகத்தைப் போட்டேன். முப்பதை எட்டுகிற வயதில் பட்டப்பெயருக்குக் கோபப்படுவது அழகில்லை. ஆனால் அந்தப் பெயருக்குள் என் அப்பா இருக்கிறார். அவர் செம்புக் கம்பி திருடினார் என்ற கதை இருக்கிறது. அவர் திருடவில்லை. என்ன நடந்தது என்பதை, அங்கே இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். வாசித்து முடிக்கும்போது என் மேல் உங்களுக்கு மரியாதை கூடாது, குறையும். பரவாயில்லை.

அப்பா பலஞ்சி கட்டுகிறவர். மாடிக் கட்டடங்களுக்கு வர்ணம் பூசும்போது வெளிச்சுவரைச் சுற்றி மூங்கிலாலும் இரும்புக் குழாயாலும் ஒரு கூடு எழும்புமே, அது. நாள் சம்பளம். மழை என்றால் சம்பளம் இல்லை. பள்ளிக்கூட வாசலை அவர் மிதித்ததில்லை. அம்மா மூன்றாம் வகுப்பு. எங்கள் வீட்டில் ஒரு புத்தகத்தை முதல் பக்கத்தில் தொடங்கிக் கடைசிப் பக்கத்தில் முடித்த முதல் ஆள் நான்தான். கறண்ட் பில்லும் ஆஸ்பத்திரித் துண்டும் என் கைக்குத்தான் வரும். "எம்மவன் படிச்சுச் சொல்லுவான்" என்பார் அப்பா, வீட்டில் தங்கக் கட்டி இருப்பதைச் சொல்கிற மாதிரி. பதின்மூன்று வயதில் நான் அதை நம்பினேன்.

வெள்ளவத்தைக் கடற்கரைப் பக்கத்து மாடிகளில் உப்புக் காற்று இரண்டு மழைக்குள் வர்ணத்தைத் தின்றுவிடும். அதனால் அங்கே அப்பாவுக்கு அடிக்கடி வேலை இருந்தது. அப்படி ஒரு கட்டடத்தின் ஐந்தாம் மாடியில்தான் எஞ்சினியரின் வீடு. பள்ளி விடுமுறையில் அப்பாவுக்குச் சாப்பாட்டுப் பொதி கொண்டுபோயிருந்தேன். பலஞ்சியில் நின்று ஒரு கையால் கயிறு கட்டிக்கொண்டிருந்த அப்பாவை, எஞ்சினியர் ஜன்னலைத் திறந்து பார்த்து, கைவேலைக்காரரை எல்லாரும் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டார்.

"பாஸ், உயரத்தில நிக்கப் பயமில்லையோ?"

"பயந்தா எப்படி சேர்? சோறு கீழ இருக்கு, சம்பளம் மேல இருக்கு."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். உள்ளே கூப்பிட்டு தேநீர் தந்தார். அன்றைக்குத்தான் அந்தப் பெட்டியைப் பார்த்தேன். சாம்பல் நிறம், முன்னால் உள்ளங்கை அகலத்தில் ஒரு திருகு, வெளிச்சம் வந்தால் மஞ்சளாக எரியும் கண்ணாடி. சொந்த ரேடியோவில், வீட்டிலிருந்தபடியே உலகத்தின் மறுகோடியில் இருக்கிறவர்களோடு கதைக்கிற சிலர் இருக்கிறார்கள். அதற்கு அரசாங்கம் அனுமதிப்பத்திரம் கொடுக்கும். எஞ்சினியர் அப்படி ஒருவர். யாழ்ப்பாணத்து ஆள், எழுபத்தைந்து வயது. சண்டைக் காலம் முழுவதும் அந்தப் பெட்டி துணியில் சுற்றி அலுமாரிக்குள் கிடந்ததாம். தமிழன் வீட்டுக் கூரையில் ஒரு கம்பி அதிகமாக இருந்தாலே கேள்வி வந்த காலம். சண்டை முடிந்தது, பத்திரம் புதிதாக வந்தது, அதற்குள் கண் போகத் தொடங்கிவிட்டது.

அவருக்கு ஒரு ஆசை இருந்தது. ஒற்றைக் கம்பத்து ஏரியலில் குரல் எல்லாத் திசைக்கும் சிதறும். நான்கு கம்பங்களைச் சதுரமாக நாட்டி ஒன்றாக இயக்கினால், வேண்டிய திசைக்குக் குரலைத் தள்ளலாம். ஒரு சுவிட்சைத் திருப்பினால் கனடா, மறுபக்கம் திருப்பினால் அவுஸ்திரேலியா. கொப்பி ஒன்றில் இருபது வருஷமாக அதைக் கீறிக்கீறி வைத்திருந்தார். யாரோ பேரப்பிள்ளை விட்டுப்போன பழைய கொப்பி. ஒவ்வொரு கம்பமும் முப்பத்துமூன்று அடி அலுமினியக் குழாய். ஒவ்வொன்றின் காலடியிலிருந்தும் இருபது செம்புக் கம்பிகள், சைக்கிள் சில்லின் கம்பிகள் மாதிரி விரிந்து மண்ணுக்குள் கிடக்க வேண்டும்.

"மேல நிக்கிறது பாதி ஏரியல், தம்பி. மண்ணுக்குள்ள கிடக்கிறது மற்றப் பாதி."

அப்பாவிடம் அவர் சொன்னது இது: "என்னட்டப் படிச்ச பெடியன் ஒருத்தன் செல்போன் டவர் கட்டுற கம்பனியில மனேஜர். இந்த நாலும் ஒழுங்கா வேலை செய்தால் உங்களுக்கு நான் கடிதம் தருவன், பாஸ். நிரந்தர வேலை. இன்சூரன்ஸ் இருக்கு. நீங்கள் விழுந்தாலும் குடும்பம் விழாது."

கடைசி வாக்கியத்தை அப்பா பஸ்ஸில் வரும் வழி முழுக்கத் தனக்குள் சொல்லிக்கொண்டு வந்தார்.

வளவு எஞ்சினியரின் நண்பர் ஒருவருடையது. மட்டக்குளியில் ஆறு கடலோடு சேருகிற பக்கம், பூட்டிக் கிடந்த ஒரு ஸ்டோருக்குப் பின்னால். கருவாட்டு வாசமும் படகு டீசலும் ஆற்றுச் சேறும் கலந்த ஒரு நாற்றம் அங்கே எப்போதும் நின்றது. வளவின் முன்பாதி, இடித்த கட்டடங்களின் கல்லையும் ஓடுகளையும் கொட்டி உயர்த்திய மேடு. பின்பாதி ஆற்றை நோக்கிச் சரிந்த பள்ளம், நாணல் நின்றது. சதுரம் கீறினால் இரண்டு கம்பம் மேட்டில், இரண்டு பள்ளத்தில்.

மாமா படகில் வேலை செய்கிறவர். வளவைச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மச்சான், இந்த எடத்துல நண்டு மட்டுந்தான் நேரா நடக்கும்."

எப்படிச் செய்ய வேண்டும் என்பது ஒரு ஆங்கிலப் புத்தகத்தில் இருந்தது. அதிலிருந்து நான்கு பக்கங்களைப் பிரதி எடுத்து எஞ்சினியர் என்னிடம் தந்தார். அப்பாவிடம் அல்ல, என்னிடம். "என்ர கண்ணுக்கு இப்ப எறும்பும் எழுத்தும் ஒண்டு. நீர் வாசிச்சு அப்பாவுக்குச் சொல்லும்." அந்தத் தாள்களை மடிக்காமல் அட்லஸுக்குள் வைத்து எடுத்துக்கொண்டு போனேன்.

சனிக்கிழமை மத்தியானம், ஸ்டோர் சுவரின் நிழலில், மூவரும் பாணும் பருப்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நான் வாசித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். குழாய்களைப் பொருத்துவது, கயிறு கட்டுவது எல்லாம் சரியாகத்தான் சொன்னேன். மூன்றாவது பக்கத்தில் அந்த வாக்கியம் வந்தது. தமிழில் சொன்னால் இப்படி: சதுரத்தின் நான்கு கம்பங்களும் ஒரே 'ஹைட்' உள்ளவையாக இருப்பது அவசியம், சமமில்லாத நிலத்தில் இதைக் குறிப்பாகக் கவனிக்கவும்.

"நாலும் ஒரே உயரமா இருக்கணுமாம்ப்பா. நெலம் மேடு பள்ளமா இருந்தா இன்னும் கவனமாம்."

அப்பா வாயருகே கொண்டுபோன பாணைத் திரும்பத் தாளில் வைத்தார்.

"உயரமா, நீளமா?"

நமக்கு இது ஒரு கேள்வியாகவே தெரியாது. அப்பாவின் தொழிலில் இரண்டும் வேறு. நீளம் என்பது கையில் இருக்கிற குழாயின் அளவு. உயரம் என்பது அது நின்ற பிறகு தலை எங்கே நிற்கிறது என்பது. சரிவில் பலஞ்சி கட்டும்போது ஒவ்வொரு காலும் ஒவ்வொரு நீளம். தலைகள் மட்டும் ஒரே உயரம். அது தவறினால் மேல் பலகை சரியும், நிற்கிறவன் விழுவான். அதனால்தான் கேட்டார்.

"நல்லாப் பாரு. உயரம்னு போட்டிருக்கா, நீளம்னு போட்டிருக்கா?"

"உயரந்தான்ப்பா. ஹைட்னா உயரம். நாலாம் வகுப்பிலேயே படிச்சிட்டோம்."

"கீழ வேற ஏதும் எழுதியிருக்கா?"

கீழே ஒரு படமும் ஆறேழு வரிகளும் இருந்தன. பிரதியில் படம் கறுத்துப் போயிருந்தது. வரிகள் பொடி எழுத்து. பாதிச் சொற்கள் எனக்குத் தெரியாதவை. மாமா சிரித்தபடி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். தெரியாது என்று சொல்ல என்னால் முடியவில்லை.

"அதையேதான் திரும்ப எழுதியிருக்கு" என்றேன்.

மாமாவுக்குத்தான் சந்தேகம் வந்தது. "மச்சான், சேரு நாலு செட் கொழாயும் ஒரே அளவாத்தானே வெட்டிக் குடுத்திருக்காரு? அப்படியே நட்டுட்டுப் போவோமே."

"அவரு கண்ணு தெரியாத மனுசன்டா. புத்தகம் எழுதினவனுக்குக் கண்ணு தெரியும்."

"ஒரு போனைப் போட்டுக் கேட்டுட்டா?"

"இதுக்கெல்லாம் கேட்டா வேலை தெரியாதவன்னு நெனைப்பாரு. கடிதம் எழுதப்போற மனுசன்."

அதோடு பேச்சு முடிந்தது. அப்பா தண்ணீர்க் குழாய் மட்டத்தை எடுத்தார். உங்களுக்குத் தெரிந்திருக்கும்: உள்ளே தெரிகிற நீளமான பிளாஸ்டிக் குழாய், அதற்குள் தண்ணீர். ஒரு முனையை அவர் மேட்டில் பிடித்தார், மறுமுனையை நான் பள்ளத்தில் பிடித்தேன். மூன்றாவது கம்பத்தின் அடி மேட்டைவிட மூன்று அடி தாழ்வு. நான்காவது நாலடிக்குக் கொஞ்சம் குறைவு. அந்த அளவுக்குக் குழாய் கூட்ட வேண்டும். எஞ்சினியர் தந்ததில் மிச்சமில்லை. அப்பா கொட்டாஞ்சேனையில் பழைய இரும்புக் கடைக்குப் போய், யார் வீட்டுக் கூரையிலிருந்தோ இறக்கிய டீவி அன்டெனாக் குழாய்களைத் தன் காசில் வாங்கிவந்து, அரத்தால் ராவி, பொருத்தினார். பொருத்து எங்கே என்று விரலால் தடவினாலும் தெரியாது. அவ்வளவு சுத்தம்.

கம்பியை நாங்கள் தாட்டது அதற்குப் பிறகு. எஞ்சினியர் வாங்கித் தந்த எட்டுச் சுருள் செம்புக் கம்பி, கம்பத்துக்கு இரண்டு சுருள். மாமா மண்வெட்டியால் கீற்றுப் போட்டுக்கொண்டே போவார், அப்பா கம்பியை வைப்பார், நான் வளைத்த இரும்பு ஊசியால் குத்தி மண்ணை மூடுவேன். எண்பது கம்பிகள். எண்ணியது நான். பள்ளத்தில் ஒவ்வொரு கீற்றிலும் உடனே தண்ணீர் ஊறியது. செம்பு தண்ணீருக்குள் ஒரு கணம் சிவந்து, பிறகு சேற்றில் மறையும். என் விரல் நகங்களில் அந்தச் சேறு இரண்டு கிழமை இருந்தது.

அடுத்த கிழமை ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான்காவது கம்பம் நிமிர்ந்தது. மாமாவின் படகுக் கயிறுகள் மூன்று பக்கமும் இழுத்துப் பிடித்தன. மேட்டில் நின்று பார்த்தால் நான்கு தலைகளும் ஒரே கோட்டில். அப்பா ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். பிறகு மற்றக் கண்ணை மூடிப் பார்த்தார்.

"நூல் பிடிச்ச மாதிரி இருக்கு" என்றார்.

அந்த நேரம்தான் மோட்டார் சைக்கிளில் இரண்டு பொலிஸ்காரர்கள் வந்தார்கள். யாரோ சொல்லியிருக்க வேண்டும். சார்ஜன்ட் சிங்களத்தில் இது என்ன என்று கேட்டார். மாமா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "கனடாவுக்கு உடுப்புக் காயப்போடுற கொடி, மாத்தயா" என்றார் சிங்களத்திலேயே. அப்பா முறைத்த முறைப்பில் மாமா கயிறு சுற்றப் போய்விட்டார். அப்பா எஞ்சினியரின் அனுமதிப்பத்திரப் பிரதியை இரண்டு கையாலும் நீட்டினார். சார்ஜன்ட் வாசித்தார், மேலே பார்த்தார், கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

"கெலின்ம தியெனவா, பாஸ்" என்றார். நேராகத்தான் நிற்கிறது என்று பொருள். பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அந்தக் கிழமை முழுக்க அப்பா யாரைக் கண்டாலும், "பொலிசே சொல்லிட்டான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்த சனி பின்னேரம் எஞ்சினியர் முச்சக்கரவண்டியில் வந்தார். மடியில் ரேடியோப் பெட்டி, குழந்தையை வைத்திருக்கிற மாதிரி. எழுத்துத் தெரியாத கண்ணுக்கும் வானத்துக்கு எதிரே நான்கு கோடுகள் தெரிந்திருக்கின்றன. இறங்கினதும் அண்ணாந்து பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"அச்சா! தலை நாலும் ஒரே கோட்டில. பாஸ், இது கை இல்லை, கருவி."

 அப்பா கட்டியிருந்த சாரத்தின் நுனியால் முகத்தைத் துடைத்தார்.

ஸ்டோரின் பின்னறையில் பழைய பலகை ஒன்றின்மேல் பெட்டியை வைத்துக் கேபிள்களைப் பொருத்தினார்கள். மஞ்சள் வெளிச்சம் வந்தது. பிறகு எண்ணெய்ச் சட்டியில் வடகம் பொரிகிற மாதிரி ஒரு இரைச்சல், அதற்கு அடியில் எங்கோ தூரத்தில் யாரோ விசில் அடிப்பது.  எஞ்சினியர் என்னைப் பக்கத்தில் இருத்தினார். ஏரியல் ஏற்காமல் திருப்பி அனுப்புவதைக் காட்டுகிற மீட்டரின் ஊசியை அவரால் பார்க்க முடியாது. நான்தான் சொல்ல வேண்டும். ஒவ்வொரு கம்பமாக இணைத்துப் பார்த்தார்.

முதலாம் கம்பம், ஊசி அடங்கி நின்றது. இரண்டாம் கம்பமும் அப்படித்தான். மூன்றாவதற்கு எகிறியது.

"வடிவாய்ப் பாரும் தம்பி."

"சிவப்புக்குப் போயிட்டுது அங்கிள்."

நான்காவது இன்னும் மோசம். கேபிளைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் பூட்டினார். அதே ஊசி. நான்கையும் சேர்த்து, கனடாப் பக்கம் சுவிட்சைத் திருப்பிக் கூப்பிட்டார். கூப்பிட்டார். ஜன்னலில் வெளிச்சம் மங்கும்வரை தன் அழைப்பெழுத்துகளைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் கூப்பிட்டார். குரல் முதலில் கம்பீரமாக இருந்தது, பிறகு கரகரத்தது, பிறகு யாரையோ கெஞ்சுகிற மாதிரி ஆனது. பொரிகிற சத்தத்தைத் தவிர ஒன்றும் வரவில்லை.

பெட்டியை அணைத்துவிட்டு, கைத்தடியை நாடியில் ஊன்றிக்கொண்டு யோசித்தார். அவர் யோசித்தது சரியான யோசனை. இன்றைக்கும் அதில் நான் பிழை சொல்ல மாட்டேன்.

"கம்பம் நாலும் ஒண்டு. அதை நானே பார்த்தன். கேபிள் நாலும் நான் வெட்டினது. பெட்டி சரி. அப்ப வித்தியாசம் எங்க இருக்கு? எங்கட கண்ணுக்குத் தெரியாத இடத்தில." கைத்தடியால் தரையைத் தட்டினார். "பாஸ், மூண்டிலயும் நாலிலயும் எத்தினை கம்பி தாட்டனீங்கள்?"

"இருபது இருபது சேர்."

"மிச்சம் எவ்வளவு வந்தது?"

அப்பா தயங்கினார். வேலைத்தலத்தில் ஒரு வழக்கம் உண்டு. முழங்கைக்கு உட்பட்ட வெட்டுத்துண்டு வேலைக்காரனுக்கு. மேசனுக்கும் தச்சனுக்கும் அது சொல்லாமலே தெரியும், எஞ்சினியருக்குத் தெரியாது. அதை எப்படிச் சொல்வது என்று அப்பா வார்த்தை தேடிய அந்த இடைவெளியில் நான் புகுந்தேன். அவருக்கு உதவி செய்வதாக நினைத்தேன்.

"எங்க வீட்டில இருக்கு அங்கிள். நான் அதில மோட்டார் செஞ்சேன். சயன்ஸ் டீச்சர் முதலாவதுன்னு சொன்னாங்க."

அந்த மோட்டார் உங்களுக்கு நினைவிருக்கும். டோர்ச் பற்றரியில் சுற்றியது. நீங்கள் எல்லாம் கைதட்டினீர்கள்.

எஞ்சினியர் என் பக்கம் திரும்பினார், பிறகு அப்பாவின் பக்கம். "அப்பிடியோ" என்றார்.

"வெட்டுத்துண்டு சேர். இத்தனூண்டு இத்தனூண்டு."

"ஓம். விளங்குது."

"நாளைக்கே தோண்டிக் காட்டுறேன் சேர். நீங்க கையால தொட்டுப் பாருங்க."

"நாளைக்குப் பார்ப்பம்."

அன்று இரவே மழை. ஆறு ஏறி, பள்ளம் முழுக்கத் தண்ணீர். ஒன்பது நாள் மூன்றாவது கம்பமும் நான்காவது கம்பமும் குளத்துக்குள் நின்றன. அப்பா தினமும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வேலைக்குப் போகிற வழியில் ஒருமுறை, வருகிற வழியில் ஒருமுறை. ஆனால் பகல் முழுக்க அங்கே ஆளில்லை. பத்தாம் நாள் தண்ணீர் வடிந்தபோது பள்ளத்தில் கீற்றுகள் மட்டும் இருந்தன. பழைய இரும்பு பொறுக்குகிறவர்களுக்குச் செம்பு எங்கே கிடக்கிறதென்று சொல்லித் தரத் தேவையில்லை. நான் குத்திய இரும்பு ஊசிகளை மட்டும் அங்கங்கே சேற்றில் விட்டுப் போயிருந்தார்கள். மேட்டுக் கம்பிகள் கல்லுக்கு அடியில் பத்திரமாகக் கிடந்தன.

எஞ்சினியர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். அப்பா முழந்தாளிட்டு, கையாலேயே சேற்றைக் கிளறினார். ஒரு கீற்று, அடுத்த கீற்று, அதற்கடுத்தது.

"விடுங்கோ பாஸ்" என்றார் எஞ்சினியர். "மண்ணுக்குள்ள போகாத கம்பி மண்ணுக்குள்ள இருந்து வராது."

மாமா துள்ளினார். "ஐயா, வயசுக்கு மரியாதை தர்றேன், பார்த்துப் பேசுங்க. களவெடுத்தவன் எடுத்துட்டுப் போயிட்டான்..."

"தண்ணி வாறதுக்கு முதலே ஊசி காட்டினது தம்பி. இந்த ரெண்டு கம்பத்துக்கும் கீழ கம்பி இல்லையெண்டு. அந்த ஊசியை வாசிச்சது உங்கட மருமகன்தான்."

  அதற்கான பதில் என்னிடம் இருந்தது, ஆனால் அது என்னிடம் இருப்பது அப்போது எனக்கே தெரியாது.

"நான் பொலிசுக்குப் போகமாட்டன்" என்றார் எஞ்சினியர். "ரேடியோ, கம்பி எண்டு போனால் எனக்கும் கரைச்சல், உங்களுக்கும் கரைச்சல். நாலு சுருளின்ர காசைத் தாங்கோ. ஆறுதலாத் தாங்கோ. கடிதத்தைப் பற்றி இனிக் கதைக்க வேண்டாம்." திரும்பி நடக்கும்போது தடுக்கினார். அப்பா சேற்றுக் கையோடு ஓடிப்போய்த் தாங்கிப் பிடித்தார். அந்த வெள்ளைச் சட்டையில் ஐந்து விரலும் பதிந்தது.

திருடாதவன் எதற்குக் கட்ட வேண்டும் என்று அம்மா சண்டை போட்டாள். அப்பாவின் கணக்கு வேறு. "அவரு வாயைத் திறந்தா வெள்ளவத்தையில ஒரு சுவத்துலயும் என்னை ஏத்த மாட்டாங்க. கட்டினா வாய் மூடியிருக்கும்." அதுவும் பிழைத்துப்போன கணக்குத்தான். எஞ்சினியரின் வாய் மூடித்தான் இருந்தது. அவருடைய மனைவி சொன்னாள். அந்தக் கட்டடத்தின் கீழ்மாடியில்தான் நாம் டியூஷன் படித்தோம். கதை மாடிப்படியில் இறங்கி வகுப்புக்குள் வந்தது. அன்றிலிருந்துதான் நான் கம்பி. என் மோட்டார், களவு மோட்டார். அம்மா கோயில் தெருவால் போவதை நிறுத்தி, வேலை பற்றி யாரும் விசாரிக்காத சுற்றுப் பாதையால் சந்தைக்குப் போய்வந்தாள்.

மாதத்தின் முதல் ஞாயிறு அப்பாவும் நானும் வெள்ளவத்தைக்குப் போவோம். ஆயிரத்து ஐந்நூறு ரூபா. எழுத்துத் துண்டு வேண்டும் என்று அப்பா கேட்டார். எஞ்சினியருக்குக் கண் தெரியாது, அப்பாவுக்கு எழுதத் தெரியாது, அதனால் நான் எழுதினேன். செம்புக் கம்பிக்காகப் பெற்றுக்கொண்டது. அவர் தடவித் தடவிக் கையெழுத்திட்டார்.

முதல் தடவை போன அன்று, எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்தபோது, மேசையில் அந்தப் புத்தகம் திறந்து கிடந்தது. அதே மூன்றாவது பக்கம். மேலே ஒரு பூதக்கண்ணாடி. எனக்குத் தந்த பிரதியில் கறுத்துப்போயிருந்த படம் இங்கே தெளிவாக இருந்தது. சரிவான நிலம். மேலே ஒரு கம்பம், கீழே ஒரு கம்பம். மேல் கம்பத்தின் தலை மேலே, கீழ்க் கம்பத்தின் தலை கீழே. ஒவ்வொன்றின் பக்கத்திலும் அடியிலிருந்து தலைவரை ஒரு அம்பு. இரண்டு அம்புக்கும் ஒரே எண். தலைகள் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டியதில்லை என்று பொடி எழுத்தில் எழுதியும் இருந்தது. அந்த வரியைத்தான் 'அதையேதான் திரும்ப எழுதியிருக்கு' என்று நான் சொல்லியிருந்தேன். ஊசியைச் சிவப்புக்குத் தள்ளியது நாங்கள் கூட்டிய அந்த மூன்றடியும் நாலடியும்தான்.

பின்னால் கடற்கரை ரயில் போனது. ஜன்னல் கண்ணாடிகள் நடுங்கின. கம்பி எல்லாம் இருந்தது, கம்பம்தான் பிழை என்று அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். ஐந்து சொல் போதும். எஞ்சினியர் நியாயம் தெரிந்தவர். கடிதம்கூடத் திரும்ப வந்திருக்கும். ஆனால் அப்பா எனக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். நான் எழுதிய துண்டைக் கையில் வாங்கி, வாசிக்கத் தெரியாத அந்தத் துண்டை, ஒரு நிமிஷம் பார்த்தார். "எழுத்து முத்து முத்தா இருக்கு சேர், இல்லையா?" என்றார். என்னைத் திருடனின் மகன் என்று எவன் சொன்னாலும் அவர் தாங்குவார். என் படிப்பு பொய் என்பதைத் தாங்குவாரா என்று எனக்குத் தெரியவில்லை. இது அன்று நான் எனக்குச் சொல்லிக்கொண்ட காரணம். உண்மையான காரணம் பயம்.

மாதாமாதம் போனோம். மாதாமாதம் எழுதினேன்.

சொன்னேன், பிறகு. எனக்கு இருபத்துநான்கு வயதில், படிப்பு முடிந்து ஒரு கட்டடக் கம்பனியில் வரைபடம் வாசிக்கிற வேலை கிடைத்த வருஷம். எஞ்சினியர் அதற்கு முன்பே காலமாகிவிட்டார். அப்பாவுக்கு முழங்கால் போய், பலஞ்சி ஏறுவதை விட்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன், படம் கீறிக் காட்டினேன். அவர் அந்தப் படத்தின் கம்பங்களை அடியிலிருந்து தலைவரை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"ஹைட்னா உயரந்தானே?"

"ஆமாப்பா. ஆனா அங்க..."

"அப்ப நீ சரியாத்தான் படிச்சிருக்க. புத்தகம் எழுதினவன் நீளம்னு எழுதியிருக்கணும்." தாளை என்னிடமே திருப்பித் தந்தார். "தலை நாலும் ஒரு நூல் தப்பல. பொலிசே சொன்னான்ல."

எவ்வளவு சொல்லியும் அவரை அந்த இடத்திலிருந்து அசைக்க முடியவில்லை. நான் எதிர்பார்த்துப் போனது திட்டு. ஒரு அறை கிடைத்திருந்தால் இத்தனை வருஷத்தில் கொஞ்சமாவது நித்திரை வந்திருக்கும்.

அந்தப் பழைய வருஷத்தில், எனக்குப் பதினான்கு வயதில், பன்னிரண்டாவது மாதத்து ஞாயிறு கடைசித் தவணை. எஞ்சினியருக்கு அப்போது ஒரு கண் ஒப்பரேஷன் முடிந்து சுகமாகியிருந்தது. அந்தப் பக்கத்தை அவர் மறுபடி வாசித்தாரா என்று எனக்குத் தெரியாது. கம்பங்களைக் கழற்றி ஏற்கெனவே பழைய இரும்புக்குக் கொடுத்துவிட்டிருந்தார். ரேடியோப் பெட்டியின் மேல் மறுபடி துணி. முதல் தடவையாக அப்பாவின் முகத்தை முழுதாகப் பார்க்கிறவர் மாதிரி பார்த்தார்.

"பாஸ், மிச்சம் ஆயிரத்துத் தொள்ளாயிரம்தானே. அதை விடுங்கோ. நான் அதை மறந்திட்டன்."

"வேணாம் சேர்" என்றார் அப்பா. "கடன்னா முழுசாக் குடுத்துடலாம். மன்னிப்புன்னா திருடன்னு ஆயிடும்."

தாள்களை ஒவ்வொன்றாக மேசையில் வைத்து நீவினார். என் பக்கம் பேனையைத் தள்ளினார். நான் எழுதினேன்: நான்கு சுருள் செம்புக் கம்பி, பதினெட்டாயிரத்து நானூறு ரூபா, முழுவதும்.